பீடி சுற்றுகிறவருக்கு இடுப்பு வலி: எந்தப் பயிற்சி, எவ்வளவு, எப்போது?

கேள்வி: எனக்கு வயது 41. திருநெல்வேலி மாவட்டம், வீரவநல்லூர் பக்கம் ஒரு கிராமம். 20 வருஷமா பீடி சுத்துறேன். ஒரு நாளைக்கு 700 பீடி, 25 எண்ணம் ஒரு கட்டு. தட்டு எட்டு மணி நேரம் மடியிலதான் இருக்கும். ரெண்டு வருஷமா நடு இடுப்புல வலி. சில நாள் வலது பின்பக்கம் வரை இறங்கும், முழங்காலுக்குக் கீழே போகாது. ஸ்கேன்ல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு போட்டிருக்கு. ஆபரேஷன் வேண்டாம், எக்ஸர்சைஸ் செய்யுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. போன்ல வீடியோ பாத்து 12 பயிற்சி செஞ்சேன். மறுநாள் எந்திரிக்கவே முடியல, விட்டுட்டேன். இதோட மூணு தடவை இப்படி ஆயிட்டு. பெல்ட் போட்டிருக்கேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முதுகுல போட்ட ஊசிதான் காரணம்னு எங்க அத்தை சொல்லுதாவ. பிசான நடவு வேற வருது. போகலாமா? சுத்துறத விட முடியாது. நான் எந்தப் பயிற்சிதான் செய்யணும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல சேதி. நரம்பு பெரிதாக நசுங்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனாலும் பாயை விரிக்கும் முன் சிலவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுவரோரமாக நின்று குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடங்கள். பிறகு நுனிக்காலால் பத்து அடி. இரண்டு காலும் ஒரே மாதிரி ஒத்துழைத்தால் போதும். ஒரு பாதம் மட்டும் தூக்க வராமல் தொங்கினாலோ, செருப்பு தானாகக் கழன்று போனாலோ, பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் அடங்காமல் போவது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் தொட்டால் உணர்வில்லாமல் மரத்திருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, இந்த மூன்றும் வேறு கணக்கு. முதுகெலும்பில் காசநோய் நம் நாட்டில் மறந்துவிடக் கூடிய நோய் அல்ல. பயிற்சியால் அது ஆறாது, மருந்தால் ஆறும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகிக் கிடந்து, நடமாட நடமாட இளகினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அடுத்தது ஸ்கேன். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கிற வட்டு. ‘டிஸ்க் பிதுங்கியிருக்கு’ என்ற ஒரு வரி உங்களை எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 20 வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு இருந்தது. அத்தனை பேரும் ஒரு வலியும் தெரியாமல் நடமாடியவர்கள். உங்கள் தெருவில் 40 தாண்டிய பத்துப் பெண்களைக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து பேர் ரிப்போர்ட்டில் இதே வரி இருக்கும். அந்தப் பிதுக்கத்தை உள்ளே தள்ளுவதற்காக நாம் பயிற்சி செய்யப்போவதில்லை. எட்டு மணி நேர உட்காரலும், தண்ணீர்க் குடமும், வயல் குனிவும் கேட்கிற பலம் ஒன்று இருக்கிறது. உங்கள் இடுப்பிடம் இன்று இருக்கிற பலம் அதைவிடக் குறைவு. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் வேலை. மூன்று மாதம் தாண்டிய வலியில் இன்னொன்றும் நடக்கும். காயம் ஆறியிருந்தாலும் நரம்புகள் சின்ன அசைவுக்கும் அலாரம் அடிக்கப் பழகிவிடும். அதனால் வலித்தாலே உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை.

அத்தை சொல்லும் ஊசி விஷயம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. அந்த ஊசி போட்ட இடம் சில நாள் கன்றி வலிக்கும், அது உண்மை. ஆனால் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் நாள்பட்ட இடுப்பு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளை பெற்ற பிறகு வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும் காலத்தில் குழந்தையைத் தூக்குவது, குனிந்து குளிப்பாட்டுவது, தூக்கமில்லாமை எல்லாம் சேர்ந்து வரும். பழி ஊசி மேல் விழும். அத்தையோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் மனதிலிருந்து அந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள். ‘ஊசியால் வந்தது, இனி போகாது’ என்ற நினைப்போடு பாயில் படுத்தால் பயிற்சி பாதிதான் வேலை செய்யும்.

மூன்று தடவையும் ஏன் தோற்றது? பயிற்சி தப்பு என்பதைவிட அளவு தப்பு என்றே சொல்வேன். இரண்டு வருஷம் அசைவில்லாமல் இருந்த இடுப்புக்கு முதல் நாளே 12 வகை. அதுவும் அநேகமாக அன்றைய சுற்று முடிந்து களைத்த பிறகு. மறுநாள் எழ முடியாமல் போனது இயல்பே. பிறகு ஒரு வாரம் ஓய்வு, கொஞ்சம் குறைந்ததும் மறுபடி 12. ஏறி ஏறி விழுகிற இந்தச் சுழலில் தசை பலப்பட நேரமே கிடைக்காது, பயம் மட்டும் பலப்படும். வீடியோக்களில் அடிக்கடி வருகிற மூன்று அசைவுகளை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்கிறேன்: மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சேர்த்து நீட்டியபடி தூக்குவது, காலை நீட்டி முழுசாக எழுந்து உட்காருவது, நின்று குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது. முதல் இரண்டிலும் தொடையை மடக்கும் தசை இடுப்பெலும்பை முன்னால் இழுக்கும். வயிறு பலமில்லாதவருக்கு அந்த இழுப்பு நேராகக் கீழ்முதுகில் விழும். மூன்றாவதை எல்லோரும் காலையில் எழுந்ததும் செய்வார்கள். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்து முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிந்தால் அதன் மேல் அழுத்தம் கூடுதல். வாசல் தெளிப்பது, கோலம் போடுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் வருகின்றன. கொஞ்ச நாளைக்கு நீளக் காம்பு விளக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். கோலத்தைக் குந்தி உட்கார்ந்து போடலாம், அல்லது வீட்டில் வேறொருவர் போடட்டும்.

அளவை எப்படி வைப்பது? வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். பயிற்சி செய்யும்போது வலி வழக்கத்தைவிட 2 மார்க் ஏறலாம், மொத்தம் 5ஐத் தாண்டக் கூடாது. ஏறியது மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் அளவு சரி. இறங்காவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பயிற்சி என்பது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. யோகா, நடை, தசைப்பயிற்சி என்று எதை எதோடு ஒப்பிட்டாலும், விடாமல் செய்தவர்களுக்குக் கிடைக்கிற பலனில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்றுதான் இதுவரையான ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை.

முதல் நான்கு வாரத்துக்கு மூன்றே மூன்று: நடை, இடுப்பைத் தூக்கி இறக்குதல், எதிர்க்கை எதிர்க்கால் நீட்டல். நேரம் காலை, எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, தட்டை எடுக்கும் முன். சாயங்காலத்துக்குத் தள்ளினால் பீடிக் கடைக்குக் கட்டு கொண்டுபோகிற அவசரத்தில் விட்டுப்போகும்.

நடையை 10 நிமிஷத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நாள். வாராவாரம் 2 நிமிஷம் கூட்டினால் 11ஆவது வாரம் 30 நிமிஷம் வந்துவிடும். கன்னடியன் கால்வாய்க் கரை பக்கத்தில் இருந்தால் அதுவே போதும், மேடு பள்ளம் இல்லாத பகுதியாகப் பாருங்கள். வெயில் ஏறுமுன், ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. பேசிக்கொண்டு நடக்க முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். கையை வீசி நடங்கள். வலிக்குமோ என்று இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு முதுகுத் தசை இறுகியே இருக்கும், நடந்த பலன் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து ஆறிய 701 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். படிப்படியாக நடையைக் கூட்டி, கூடவே வலியைப் பற்றிய விளக்கமும் பெற்ற குழுவில் வலி திரும்பி வருவதற்கு நடுவாந்தரமாக 208 நாள் ஆனது. ஒன்றும் செய்யாத குழுவில் 112 நாள். காசு செலவில்லாத வைத்தியத்துக்கு இது பெரிய பலன்.

இடுப்பைத் தூக்குவதற்குக் கோரைப்பாயின் மேல் ஒரு சமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குதிகாலைப் பிட்டத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. முதலில் பிட்டத் தசையை இறுக்குங்கள், இறுக்கியபடியே குதிகாலால் தரையை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரு சாய்கோட்டில் வந்ததும் நிறுத்தி 5 எண்ணுங்கள். 3 எண்ணியபடி மெதுவாக இறக்குங்கள். மூச்சைப் பிடிக்காமல் வாய்விட்டு எண்ணுவது நல்லது, எண்ணும்போது மூச்சு தானாக வெளியேறும். 8 தடவை, ஒரு நிமிஷ ஓய்வு, இன்னொரு 8. இதில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, வயிற்றை வானத்துக்குத் தூக்கி நடு இடுப்பை வில்லாக வளைப்பது. அப்போது வேலை பிட்டத்தை விட்டுக் கீழ்முதுகுக்குப் போய்விடும், வலிக்கும். தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொண்டால் குதிகால் தூரமாக இருக்கிறது என்று அர்த்தம், கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்தீர்களா என்பதற்கு ஒரே சோதனை: முடிந்ததும் களைப்பு பிட்டத்தில் தெரிய வேண்டும்.

மூன்றாவது, நாலுகாலில் நிற்பது. மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம். பீடி சுற்றுகிறவர்களுக்குக் கட்டைவிரலும் மணிக்கட்டும் ஏற்கெனவே நொந்திருக்கும். உள்ளங்கையை ஊன்றினால் வலித்தால் முஷ்டியை மடக்கி ஊன்றுங்கள், அல்லது முழங்கையை ஒரு முக்காலி மேல் வையுங்கள். வலது காலைப் பின்னால் தரையோடு நீட்டி, பிறகு இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள். அது நிலைத்த பிறகு இடது கையை முன்னால் நீட்டுங்கள். 5 எண்ணி இறக்குங்கள். பக்கத்துக்கு 6. காலை இடுப்புக்கு மேலே தூக்கினால் முதுகு தொய்ந்து வளையும், இடுப்பு ஒரு பக்கம் சாயும். இதைப் பிடிக்க எளிய வழி, இடுப்பின் பின்பக்கம் தட்டையான எலும்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கால்வாசித் தண்ணீர் வைத்துச் செய்வது. பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். தண்ணீர் சிந்தாமல் செய்ய முடிகிற உயரம்தான் உங்கள் உயரம். முதல் வாரத்தில் காலை மட்டும் நீட்டினாலும் குறைவில்லை.

இந்த இரண்டையும் வாரத்துக்கு ஐந்து நாள் செய்யலாம். இடுப்பைத் தூக்குவதில் அடுத்தடுத்து இரண்டு நாள் 8-8 சுலபமாக முடிந்தால் 10-10. பிறகு 12-12. அதற்கு மேல் எண்ணிக்கை வேண்டாம், 5 எண்ணுவதை 8 எண்ணுவதாக்குங்கள். வலி குறைந்திருக்கிறதே என்று ஒரே நாளில் இரண்டு படி ஏறாதீர்கள். உங்களை மூன்று தடவை கவிழ்த்தது அதுதான்.

இப்போது தட்டுக்கு வருவோம். நாள் முழுக்க எட்டு மணி நேரம் இடுப்பை வைத்திருக்கிற விதத்தை மாற்றாமல் காலையில் 20 நிமிஷம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாகவே முடியும். சம்மணம் போட்டோ, ஒரு காலை நீட்டியோ வெறும் தரையில் உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். அப்போது இடுப்பெலும்பு பின்னால் உருளும், கீழ்முதுகின் இயல்பான வளைவு நிமிர்ந்து கூனலாகும். இலையை உருட்டக் கண் கீழே போவதால் கழுத்தும் தோளும் கூடவே சரியும். பத்து நிமிஷம் அப்படி இருப்பதில் ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் அதே வளைவில் தொங்கும்போது தசை ஓய்ந்து, பாரம் முழுக்கத் தசைநார்களின் மேல் விழுகிறது. எழும்போது ‘அம்மாடி’ என்று சுவரைப் பிடிக்க வைப்பது அந்த இறுக்கம்.

ஒரு மணைப்பலகையின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, தரையிலிருந்து நாலு முதல் ஆறு அங்குல உயரத்தில் உட்காருங்கள். முழங்கால் இடுப்புக்குக் கீழே இறங்கும். இறங்கிய உடனே முதுகு தானாக நிமிர்வதை நீங்களே உணர்வீர்கள், வலிந்து நிமிர்த்த வேண்டாம். பழைய சேலையைச் சுருட்டி மூன்று அங்குலத் தடிமனில் கட்டி, சுவருக்கும் இடுப்புப் பள்ளத்துக்கும் நடுவில் செருகுங்கள். மடியில் ஒரு தலையணை போட்டு அதன் மேல் தட்டை வையுங்கள். தட்டுக்குப் பதில் சுளவு (முறம்) வைத்திருந்தாலும் அப்படியே. கை தொப்புள் உயரத்துக்கு வந்தால் கழுத்து அவ்வளவு குனியாது. நீட்டுகிற காலை ஒவ்வொரு கட்டுக்கும் மாற்றுங்கள். பெரும்பாலோர் ஒரே காலைத்தான் 20 வருஷமாக நீட்டுகிறார்கள், கேட்டால் அவர்களுக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஸ்டூலில் தட்டை வைத்துச் சுற்றப் பழகினால் அதுவும் நல்லது. காலையில் மணை, மத்தியானம் நாற்காலி என்று மாற்றிக்கொள்ளலாம். சரியான உட்காரல் என்று ஒன்று கிடையாது, அடிக்கடி மாறுகிற உட்காரல்தான் நல்லது.

மாறுவதற்குக் கடிகாரம் வேண்டாம், உங்களிடம் கட்டு இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் 700 என்றால் இரண்டு கட்டுக்குச் சுமார் 34 நிமிஷம் ஆகிறது. இரண்டு கட்டு முடிந்ததும் தட்டை இறக்கி எழுந்துவிடுங்கள். நின்று, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் ஊன்றி, முழங்கால் மடங்காமல் பின்னால் வளைந்து திரும்புங்கள். 6 தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 5 தடவை. மொத்தம் ஒன்றரை நிமிஷம். பின்னால் வளையும்போது நடு இடுப்பில் கொஞ்சம் பிடித்தால் பரவாயில்லை. பிட்டத்து வலி கீழே தொடைக்கோ காலுக்கோ ஓடினால் மட்டும் இந்த வளைவை விட்டுவிட்டு, பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) நாலு தடவை நடந்துவிட்டு உட்காருங்கள். ஒரு நாளைக்கு 14 முறை எழுந்தால் 21 நிமிஷம் போகும். எண்ணிப் பார்த்தால் 30 பீடிக்குச் சற்று மேல் குறையும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். அதனால் எப்படியும் எழுந்து செய்ய வேண்டிய வேலைகளை, உலை பார்ப்பது, துணி எடுப்பது, இலை நனைப்பது, இந்த இடைவெளிகளுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். காலை முழுக்க மொத்த வீட்டு வேலை, பிறகு மொத்தச் சுற்று என்று பிரிக்காதீர்கள்.

ஐந்தாவது வாரத்தில் குடத்தைக் கையில் எடுப்போம். இடுப்பு வலிக்காரர் பாரம் தூக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தூக்காமலே இருந்தால் தூக்கும் பலம் இன்னும் குறையும், ஒரு நாள் தவிர்க்க முடியாமல் தூக்கும்போது பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பிளாஸ்டிக் குடத்தில் லிட்டர் பாட்டிலால் அளந்து 5 லிட்டர் ஊற்றுங்கள். குடத்தைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயர ஸ்டூலில் வையுங்கள். கால்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, குடத்துக்கு ஒட்டி நில்லுங்கள். பின்னால் இருக்கிற கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்தப் போவதாக நினைத்து இடுப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கும், குனிவு தொடை மூட்டில் நடக்கும். குடத்தை வயிற்றோடு அணைத்து, மூச்சை விட்டபடி எழுங்கள். 8 தடவை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. வாரம் ஒரு லிட்டர் கூட்டுங்கள். 10 லிட்டர் சுலபமான பிறகு ஸ்டூலை எடுத்துவிட்டு வாசல்படி உயரத்துக்கு இறக்கி, அளவை மறுபடி 6 லிட்டராக்கித் தொடங்குங்கள். முதுகு லேசாக வளைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். வளைவைவிட ஆபத்து, 6 லிட்டர் பழகிய இடுப்பில் ஒரு கல்யாண வீட்டில் 15 லிட்டர் குடத்தை ஏற்றிக்கொள்வது. நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர், போகும்போது ஒரு பக்கம், அடுத்த நடைக்கு மறு பக்கம் வையுங்கள். இன்னும் நல்லது, இரண்டு சின்ன வாளியில் பிரித்து இரண்டு கையிலும் பிடிப்பது.

இதே ஐந்தாவது வாரத்தில் ஒரு பக்கவாட்டுப் பயிற்சியும் சேருங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி 10 எண்ணுங்கள். பக்கத்துக்கு மூன்று. தோள் வலித்தால் விட்டுவிடலாம், இது இல்லாமல் ஒன்றும் கெடாது.

நடவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் இரண்டாவது வாரத்திலேயே நடவு வந்துவிட்டால் இந்தப் பிசானப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்த கார் பருவ நடவுக்குத் தயாராகுங்கள். எட்டு வாரமாவது கையில் இருந்தால் குனிவையும் பழக்கப்படுத்தலாம். ஆறாவது வாரத்திலிருந்து நின்று குனிந்து, கையை முழங்காலில் ஊன்றாமல், தரையில் கிடக்கிற 20 புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். ஒரு நிமிஷம் குனிவு, ஒரு நிமிஷம் நிமிர்வு, மூன்று தடவை. வாராவாரம் குனிவில் அரை நிமிஷம் கூட்டுங்கள். முதல் இரண்டு நாள் அரை நாள் நடவு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், கூட வருகிறவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். வயலில் ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்து ஆறு தடவை பின்னால் வளையுங்கள். நடவு நாளில் குடப் பயிற்சி வேண்டாம். நடவு முடிந்து வந்த அன்றே தட்டை மடியில் எடுக்கவும் வேண்டாம். மணிக்கணக்கில் குனிந்த இடுப்பை மறுபடி குனிய வைக்கிற வேலை அது.

நடுவில் ஒரு நாள் வலி திடீரென்று ஏறும். எவ்வளவு சரியாகச் செய்தாலும் ஒரு தடவையாவது வரும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தைந்து நிமிஷமாகப் பிரித்து நடக்கலாம். துணியைச் சுட வைத்து ஒத்தடம் கொடுங்கள். மூன்றாம் நாள் பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். படுத்தே கிடக்க வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலில் பெல்ட்டும், எடை கட்டி முதுகை இழுக்கிற இழுவை வைத்தியமும் வேண்டாம் என்றே இருக்கிறது. பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் வேண்டும் என்கிறார்கள். ஒரே நாளில் கழற்றப் பயமாக இருந்தால் முதல் வாரம் வீட்டில் கழற்றுங்கள், இரண்டாவது வாரம் பஸ்ஸிலும் கழற்றுங்கள். இழுவை போட ஆஸ்பத்திரிக்கு அலைகிற காசை மிச்சப்படுத்தலாம். கட்டாந்தரையில் படுத்தால் இடுப்பு நேராகும் என்பதற்கும் ஆதாரமில்லை. ரொம்பக் கெட்டியாகவும் ரொம்ப மெத்தென்றும் இல்லாத படுக்கை போதும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் பலருக்குத் தூக்கம் வருகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கி வலி மாத்திரையைத் தினமும் போடும் பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் போனால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும், ரத்த அழுத்தம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

ஒரு பழைய நோட்டில் வாரம் ஒரு நாள் மூன்று எண் மட்டும் எழுதி வாருங்கள்: வலி ஏறாமல் எத்தனை கட்டு சுற்ற முடிந்தது, எத்தனை நிமிஷம் நடந்தீர்கள், குடத்தில் எத்தனை லிட்டர். வலி மார்க் முதல் ஆறு வாரத்தில் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். இந்த மூன்றும் ஏறிக்கொண்டிருந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள். முடிவு சொல்ல 12 வாரம் வேண்டும். 12 வாரம் விடாமல் செய்தும் எண் மூன்றும் அசையவில்லை என்றால், நோட்டையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள். கண்ணால் பார்த்தால்தான் பிடிபடுகிற தப்புகள் உண்டு. தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரை முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை இருக்கிறது, உங்கள் பீடித் தொழிலாளர் அட்டையோடு போய்க் கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தரும் ஏற்பாடும் உண்டு. ஊரில் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவருகிற திட்டப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்து வையுங்கள். அவர்கள் வரும் நாளில் பாயை விரித்து, நாலுகாலில் நின்று செய்கிறதையும் குடம் தூக்குகிறதையும் செய்துகாட்டித் திருத்தம் கேளுங்கள்.